மணி எதுவரை கேட்கும்

என் கையெழுத்து அழகாக இருக்கும். வாழ்க்கையில் எனக்கு வந்த வம்புகளில் பாதி அதனால் வந்தவைதான். யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "நீ எழுதினா நல்லா இருக்கும்" என்று சொன்னால் போதும், உச்சி குளிர்ந்து பேனாவைத் திறந்துவிடுவேன். அப்புறம் மாதக்கணக்கில் வீட்டில் புலம்புவேன். என் மனைவி அந்தப் புலம்பலைக் காதில் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்படித்தான் ஒரு சுற்றறிக்கை என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. நெய்யாற்றின்கரையில் சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலை. வீடு பாறசாலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால். எங்கள் சபையும் அங்கேதான். அதையும் சேர்த்து நான்கு சபைகளுக்கு ஒரே போதகர். நான்கும் சேர்ந்ததைச் சேகரம் என்போம். நூற்றாண்டு முடிவதற்குள் எங்கெங்கே புதிய சபைகளைத் தொடங்கலாம், தூங்கிக்கிடக்கும் சபைகளை எப்படி எழுப்பலாம் என்று ஒவ்வொரு சேகரமும் திட்டம் போட்டு, வரைபடத்தோடு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் சுற்றறிக்கை. வரைபடம் என்ற சொல்லைப் படித்ததும் சேகரக் கமிட்டியில் எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் செக்ரட்டரி ஆனேன்.

கமிட்டிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஊரே அவரை சார் என்று சொல்லும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று பேனா. நாற்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகியவர் என்பதால் மலை, ஓடை, வயல் எல்லாமே வரிசையில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். எனக்கு அவர்மேல் பயமும் உண்டு, பிரியமும் உண்டு. எந்த நேரத்தில் எது மேலே வரும் என்று சொல்ல முடியாது.

முதல் கூட்டத்தில் ஆளாளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். ஒருவர் பெருங்கடவிளைப் பக்கம் என்றார், இன்னொருவர் திருப்புறத்துக்குப் போகிற வழி என்றார். ஒவ்வொருவரும் சொன்ன இடத்தில் அவரவருக்கு ஒரு மைத்துனனோ கொஞ்சம் நிலமோ இருந்தது. சார் மேசையைத் தட்டினார்.

"கேட்டியளா, கண்ட எடத்துல எல்லாம் சர்ச்சு வைக்க முடியாது. எல்லாத்துக்கும் ஒரு அளவு வேணும். நம்ம மணி கேக்குத வீடு நம்ம வீடு. மணி கேக்காத எடம் உண்டுண்ணா, அங்க புதுசா ஒண்ணு வைக்கலாம். இதாக்கும் அளவு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. படம் வரைகிறவனுக்கு ஓர் எல்லை கிடைத்தால் சாப்பாடு கிடைத்த மாதிரி. மணிக்கூண்டை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் திட்டம் பாதி முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சாரைப் புகழ்ந்து தள்ளினேன். அவள், "மணி கேட்டாப் போருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மரச்சீனிக் கிழங்கு நறுக்கப் போய்விட்டாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மனு வந்தது. எழுதியது என் மாமி. என் அம்மாவின் தம்பி மனைவி. எங்கள் ஊருக்குக் கிழக்கே சானல் ஓடுகிறது. நெய்யாற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் கால்வாயைத்தான் சானல் என்போம். அதற்கு அக்கரையில், ரப்பர் தோட்டங்களின் இடுக்கில், பத்துப் பதினைந்து வீடு. அதில் ஒன்று மாமாவுடையது. இரண்டு தென்னந்தடியைக் குறுக்கே போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டியிருப்பார்கள், அதுதான் பாலம். நல்ல பாலத்துக்குப் போக வேண்டுமென்றால் வெகுதூரம் சுற்ற வேண்டும். அங்கிருந்தும் வீடு வரைக்கும் வண்டி போகாது.

மாமா லாரி டிரைவராக இருந்தவர். ஓடும் லாரியில் பாடிக்கொண்டே போவார், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவருடைய கனத்த குரல் ஆண்கள் பக்கம் முழுவதையும் தூக்கிக்கொண்டு போகும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் வலது பக்கம் விழுந்துவிட்டது. காலும் போச்சு, கையும் போச்சு, வாய் கொஞ்சம் கோணிப்போச்சு. தொடக்கத்தில் இரண்டு தரம் நாற்காலியில் உட்காரவைத்து ஆலயத்துக்குச் சுமந்தோம். இரண்டாவது தரம் தென்னந்தடியில் முன்னால் பிடித்தவனுக்குக் கால் வழுக்கியது. மாமா சானலில் விழாமல் தப்பியது தெய்வச் செயல். அதற்குப் பிறகு அவர் நாற்காலியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன சாக்கு மூட்ட மாதிரி சொமக்காண்டாம்," என்று சொல்லிவிட்டார். போதகர் மாதத்துக்கு ஒருமுறை போய் ஜெபம் பண்ணுவார், வருஷத்துக்கு மூன்று தரம் நற்கருணை கொடுப்பார். அவ்வளவுதான்.

மாமியின் மனுவில் நான்கே வரி. வீட்டுக்காரரால் நடக்க முடியாது. அவர் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு தரமாவது சபையோடு உட்கார வேண்டும். முற்றத்தை ஒட்டி மூன்று சென்ட் நிலம் தருகிறோம். அங்கே ஒரு ஜெபவீடு வேண்டும். மாமி எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துகள் மேலும் கீழுமாக நின்றன. அந்தக் காகிதத்தைக் கமிட்டிக்கு நானே வாசித்தேன்.

"பின்ன, மருமவன்தான செக்ரட்டரி," என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பேனாவை மூடிவைத்துவிட்டு, "வேற ஆளப் பாத்துக்கிடுங்க," என்று எழுந்தேவிட்டேன். சார் ஒற்றை விரலைக் காட்டி உட்காரவைத்தார்.

"சண்டை வேண்டாம். சானலுக்கு அக்கரையில மணி கேக்குமா, கேக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

ஒருவருக்கும் தெரியவில்லை. மணியடிக்கும் நேரத்தில் நாங்கள் எல்லோரும் மணிக்குக் கீழேதான் நிற்கிறோம், அக்கரையில் கேட்கிறதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மணியை அடித்துப் பார்ப்பது, ஆளுக்கொரு மூலையில் போய் நின்று கேட்பது என்று முடிவானது. அக்கரைக்கு நான் போக வேண்டும். தென்னந்தடியில் ஏற மற்றவர்கள் தயாராக இல்லை.

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை மாதிரி கலகலவென்று அடித்தால், கேட்டவன் எதைக் கேட்டான் என்று தெரியாது. அதனால் நிமிஷத்துக்கு ஓர் அடி, மொத்தம் பன்னிரண்டு அடி. கடிகாரத்தைப் பார்த்து, எத்தனையாவது அடி கேட்டது என்று ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ளலாம். நான் சொன்னதும் சார் நீலப் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்த பாராட்டு எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

மணியடிக்கும் கப்பியாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"நிமிசத்துக்கு ஒண்ணா? அதுக்கு ஆரும் சாவல்லியே, சாரே."

"சொன்னதச் செய்யும் வே," என்றார் சார்.

நாங்கள் ஏழு பேர் அந்த அறையில் இருந்தோம். ஏழு பேரும் பிறந்ததிலிருந்து அந்த மணியைக் கேட்டு வளர்ந்தவர்கள். இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அடித்தால் அது துக்க மணி, சபையில் ஒருவர் இறந்துவிட்டார் என்று பொருள். கப்பியார் அதைத்தான் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அடிக்கிறவன் ஒருவன், அதைக் கேட்டு ஓடுகிறவர்கள் ஆயிரம் பேர் என்பது மறந்துபோய், எல்லோரும் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தோம். சோதனை நடக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறிவிப்பு வாசித்ததோடு கடமை முடிந்தது. அறிவிப்பு நேரத்தில் எங்கள் சபையார் குடையையும் பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆலயத்துக்கே வராதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சனிக்கிழமை இரண்டரைக்கெல்லாம் நான் மாமா வீட்டு முற்றத்தில் நின்றேன். கையில் அட்டை, அதில் பன்னிரண்டு கட்டம் போட்ட காகிதம். மாமி முன்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மக்கா, கேக்கல்லேண்ணு எழுது."

"கேக்காட்டி கேக்கல்லேண்ணு எழுதுதேன், மாமி."

"கேட்டாலும் எழுது. ஒனக்க மாமனுக்கு வேண்டியல்லியா? ஒரு வரி எழுதுததுக்கு ஒனக்கு என்ன கேடு?"

அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பொய் எழுதுவது எனக்குப் பெரிய பாவமாகத் தோன்றியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். 'மருமவன்தான செக்ரட்டரி' என்ற பேச்சு காதில் குடைந்துகொண்டிருந்தது, அதுதான் காரணம். என் கௌரவம் ஒரு பக்கம், மாமாவின் ஆசை ஒரு பக்கம். கடிகாரத்தையே பார்த்தேன். மாமி புரிந்துகொண்டாள். வெடுக்கென்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணி. சானலைத் தாண்டி, வாழைத் தோட்டத்தைத் தாண்டி, ஒரு அடி வந்தது. மெலிதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். அது வேறு யாருக்கும் கேட்டிருக்கக் கூடாதே என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஒண்ணு!"

நான் உள்ளே ஓடினேன். ஜன்னலோரக் கட்டிலில் மாமா சிரித்த முகத்தோடு கிடந்தார். "கேட்டியா மக்கா? எனக்கு எல்லா ஞாயிறும் கேக்கும். காத்து மேக்க இருந்தா மெல்ல அடிக்குத ரெண்டாம் மணிகூட கேக்கும். சாரிட்டச் சொல்லு, எனக்க காது நல்ல காதாக்கும்."

மாமி சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் என்ன என்று கத்தத் தோன்றியது. ஆனால் அந்த மணிச் சத்தம்தான் ஒன்பது வருஷமாக வாராவாரம் அவருக்கும் சபைக்கும் இருந்த தொடர்பு. அது தனக்குக் கேட்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்த மனிதரைப் பார்த்து எப்படிக் கத்துவது? இரண்டாவது அடியும் கேட்டது. மூன்றாவதும். ஒவ்வொன்றுக்கும் மாமா எண் சொன்னார், நான் கட்டத்தில் கோடு போட்டேன்.

ஆறாவது அடிக்கு முன்னால் முற்றத்தில் தடால் என்று ஒரு சத்தம். வெளியே வந்தால், மூன்று வீடு தள்ளி டீக்கடை வைத்திருக்கும் நாயர். தலையில் சுமந்து வந்த பெஞ்சை முற்றத்தில் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் அவருடைய கடை ஆள், தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். சாவு வீட்டில் பெஞ்சும் பந்தலும் வேண்டுமே என்று கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். "எப்ப மக்களே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் துக்க மணி கேட்டால் முதலில் கிடையில் கிடக்கிறவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் எங்கள் சபையில் கிடையாய்க் கிடந்தவர் என் மாமா ஒருவர்தான். இது எனக்குப் புரிந்தபோது ரப்பர் தோட்டத்து வழியாக நாலாப் பக்கமிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆட்கள் கறைபடிந்த சட்டையோடு வந்தார்கள். பெண்கள் தலைமுடியை முடிந்துகொண்டே வந்தார்கள். நான் வரைபடத்தில் 'ஆராதனைக்கு வருவதில்லை' என்று பென்சிலால் குறித்துவைத்திருந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். இவர்களுக்கெல்லாம் எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல, சும்மா அடிச்சுப் பாத்தோம்," என்று முற்றத்தில் நின்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பூவாரிலிருந்து மீன் கொண்டுவரும் ஓர் அக்காள் உண்டு. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், இருபது வருஷமாக அக்கரை வீடுகளுக்கு அவள்தான் மீன். கூடையோடு வந்தவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்க அண்ணோ! கொட்டுத மழையில நனைஞ்சு நிண்ணவள லாரியில ஏத்தி, பெருங்கடவிளச் சந்தையில கொண்டு எறக்கிவிட்ட புண்ணியவானே! போயிட்டியளே!"

வீட்டுக்குள்ளிருந்து கோணிய வாயின் குரல் உரக்க வந்தது. "பெருங்கடவிள அல்ல, திருப்புறமாக்கும்!"

அக்காள் அழுகையை நிறுத்தினாள். முற்றமே நின்றது. அவள் மெல்ல எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி, அழுததைவிட உரக்கச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. எனக்கு அவை தகும்.

நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று நடந்ததை ஒப்பித்தேன். சிலர் திட்டினார்கள். ஆனால் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வந்ததற்கு ஆளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வரிசையாக உள்ளே போனார்கள். இடம் போதாமல் பால் வெட்டுகிற நால்வர் மாமாவைக் கட்டிலோடு தூக்கி முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வைத்தார்கள். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு போதகர் வந்தார். நாங்கள் அச்சன் என்போம். போன ஞாயிறு வேறு சபையில் இருந்தவருக்கு எங்கள் சோதனை தெரியாது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாரோ சாவுச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கியும் அடக்க ஆராதனைப் புத்தகமும் இருந்த பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தென்னந்தடியில் வந்திருக்கிறார். மாமாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அச்சோ, இன்னும் கொஞ்சம் தாமசம் உண்டு," என்றார் மாமா.

கடைசியாக வந்தவர் சார். ஆலய வளாகத்தில் கூடிய கூட்டம் கப்பியாரைப் பிடித்து ஆரு, ஆரு என்று உலுக்க, கப்பியார் சாரைக் கைகாட்டிவிட்டார். யாரும் சாகவில்லை என்று முன்பே அறிந்து அக்கரைக்கு வந்த ஒரே மனிதர் அவர்; ஊரார் மாமா வீட்டுக்கு ஓடுவதைக் கேள்விப்பட்டு, கூட்டத்தைத் திருப்பி அனுப்பவும் என் மாமியிடம் மன்னிப்புக் கேட்கவும் கிளம்பியிருக்கிறார். தென்னந்தடியில் கால் இடறிக் கயிற்றில் தொங்கி, எப்படியோ கரையேறியிருக்கிறார். முழங்கால் வரை சேறு. வெள்ளை வேட்டி செம்மண் நிறத்தில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். அவரை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. மாமி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

போதகர் கூட்டத்தைப் பார்த்தார், பெஞ்சையும் தார்ப்பாயையும் பார்த்தார். அடக்கப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "வந்தாச்சு அல்லவா, ஒரு கீர்த்தனை பாடலாம்," என்றார். பாடினோம். மாமாவின் குரல் முன்னே மாதிரி இல்லை, வார்த்தைகள் பாதி சிதைந்து வந்தன. ஆனாலும் அடித்தளத்தில் அந்தக் கனம் அப்படியே இருந்தது. நான் பாடுவது போல வாயசைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்தால், செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. என் காகிதத்தை மேசையில் வைத்தேன். பன்னிரண்டு கட்டத்திலும் கோடு; நான் முற்றத்தில் மாட்டிக்கொண்ட பிறகும் மாமா எண்ணுவதை விடவில்லை. கேட்டது, கேட்டது, கேட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? அக்கரையில் மணி கேட்கும் என்பதற்கு அறுபது பேர் ஓடிவந்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள். முற்றம் நிறைந்ததே மாமிக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "அப்பம் அங்க வேண்டாம், அவ்வளவுதான," என்றார் ஒருவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமி எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தராமல் அனுப்பிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நெஞ்சுக்குள் கனத்தது.

சார் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எலே, இதுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் வரை," என்றார் என்னிடம்.

"என்ன கட்டம், சார்?"

"கேக்குமாண்ணு ஒரு கட்டம் போட்டாச்சு. வர முடியுமாண்ணு ஒரு கட்டம் போடு. எனக்க காலு மூணு நாளா சொல்லுதத எழுதாம விடப்படாது."

நான், இத்தனை நாள் கஷ்டப்பட்டு வரைந்த பட்டியலைத் திரும்ப வரைய வேண்டுமே என்று ஒரு நொடி எரிச்சல்பட்டேன். என் குணம் அப்படி. அடுத்த நொடி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சங்கடப்பட்டு, "செரி செரி, உக்காரு," என்று கையை உருவிக்கொண்டார்.

புதுக் கட்டத்தை நிரப்ப நான்கு சபைகளின் எல்லையிலும் மறுபடி வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. மணி நன்றாகக் கேட்கிற எத்தனையோ வீடுகளில் 'முடியாது' என்று எழுதினேன். வட்டம் போட்டு நான் வரைந்த படம் கடைசியில் கந்தலாகத்தான் மேலிடத்துக்குப் போனது. அங்கே அதைப் பார்த்து என்ன சொன்னார்களோ தெரியாது. நாங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாமா வீட்டு முற்றத்தை ஒட்டி, மூங்கில் நட்டு ஓலை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டோம். நாயர் இரண்டு பெஞ்சை அங்கேயே விட்டுவிட்டார். கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள் இனி நின்று பேசட்டும் என்றார்.

முதல் நற்கருணை ஆராதனை நடந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கட்டிலோடு கொண்டுவந்து கொட்டகையின் முன்வரிசை ஓரத்தில் வைத்தோம். மாமி அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டிருந்தாள். என்மேல் அவளுக்கு இன்னும் பாதிக் கோபம் மிச்சமிருந்தது. ஆனாலும் கட்டிலின் மறுபக்கத்தில் என்னை உட்காரச் சொன்னாள், அவர் சாய்ந்தால் பிடித்துக்கொள்வதற்காக.

எங்கள் ஆராதனை முறையில், நற்கருணைக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒன்று உண்டு. போதகர் முதலில் இருக்கும் ஒருவரின் கையைத் தன் இரு கைக்குள் பொத்திச் சமாதானம் சொல்வார். வாங்கியவர் அதை அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரைக்கும் போகும். அன்று போதகரிடமிருந்து சாருக்கு வந்தது, சாரிடமிருந்து மாமிக்கு, மாமியிடமிருந்து மாமாவுக்கு. மாமா என் பக்கம் திரும்பினார். வலது கை எழவில்லை. இடது கையால் அந்த வலது கையைத் தூக்கி என் கைமேல் வைத்து, மேலே இடது கையால் பொத்தினார். விடவில்லை. பின்னால் வரிசைகள் காத்திருந்தன. போதகரும் காத்திருந்தார். நான் மெதுவாகக் கையை எடுக்கப் பார்த்தேன், அவர் பிடியை இறுக்கினார்.

"ஒம்பது வருசமா எனக்குத் தாறதுக்குத்தான் ஆளு வரும், மக்கா," என்றார். "வாங்கி இவளுக்குக் குடுப்பேன். அது வீட்டுக்குள்ளயே நிண்ணு போவும். வெளிய கொண்டு போறதுக்கு ஒருத்தன் கெடைக்கல்லே."

அவராகவே கையை விட்டபோது நான் பின்னால் திரும்பி, அங்கே உட்கார்ந்திருந்த பால் வெட்டுகிறவருக்குக் கொடுத்தேன். அவர் அடுத்தவருக்குக் கொடுத்தார். அது வரிசை வரிசையாகப் போய், இடம் கிடைக்காமல் முற்றத்தில் நின்றவர்களையும் தாண்டி, வேலியோரத்துக் கடைசி ஆளிடம் சேரும் வரைக்கும் மாமா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.